நாடா கத்துகிறது

அத்தியாயம் 14

காலை ஆறு மணிக்கே நாடா ஆரம்பித்துவிட்டது. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, காலண்டர் மாட்டிய சுவரைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். சிறுவாணிக் குழாயில் தண்ணீருக்கு முன்னால் காற்று வருமே, அப்படித் தொடங்கித் தொட்டில் பிள்ளை வீறிடுகிற மாதிரி முடியும். முடிந்ததென்று மூச்சு விடுவதற்குள் அடுத்தது.

நாடா அந்த வீட்டுப் பூனை. பதிமூன்று வயசுக் கிழம். சோமனூரில், நூல் சுற்றிய தார்களைப் போட்டுவைக்கும் கூடைக்குள் கண் திறந்தது. தறியில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பறக்கிற நாடாவைப்போல ஓடிக்கொண்டே இருந்ததால் வீட்டுப் பெரியவர் ஆறுச்சாமி வைத்த பேர். இரண்டு மாசத்துக்கு முன்புவரை அதற்குக் குரல் இருப்பதே வெளியாருக்குத் தெரியாது. இப்போது ஆர்.எஸ்.புரத்தில் அந்தத் தெருவுக்கே தெரியும்.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாளாச்சும் இதைய எங்காச்சும் தாட்டி உட்டுருங்க," என்றான் மனோஜ்குமார். பல்லில் பேஸ்ட் நுரை. கண்ணில் தூக்கமில்லை.

சென்னியம்மாள் தோசைக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்று என்ன நாள் என்று அவளுக்கும் தெரியும்.

மாலை நாலு மணிக்கு மருமகள் லோகப்பிரியா வருகிறாள். வாழ வரவில்லை. சீர்ச்சாமான்களை ஏற்றிக்கொண்டு போக வருகிறாள். ஐந்து மாசத்துக்கு முன்னால், "மாமா என்னைய மனுசியா மதிக்கறதில்லீங்க அத்தை" என்று மாமனாரைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுப் பிறந்த வீட்டுக்குக் கிணத்துக்கடவு பஸ் ஏறியவள். அடுத்த வாரமே அவளுடைய அப்பா நாச்சிமுத்துவுக்குக் கோயமுத்தூரில் குடலிறக்க ஆபரேஷன். சம்பந்தி வீடு உள்ளூரில் இருக்க, பத்து நாள் லாட்ஜில் படுத்துக் கிடந்திருக்கிறார். ஒரு தகவல் இல்லை. கேள்விப்பட்டுப் பழம் வாங்கிக்கொண்டு ஓடினவர்களுக்கு அவர்கள் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை இங்கே ஒருவருக்கும் தெரியாது.

"ஒறம்பரை வந்து உக்காரும்போது இது எழவு ஊடு மாதிரி ஒப்பாரி வெச்சா என்ன நெனப்பாங்க? சாக்குல போட்டு மார்க்கெட் பக்கம் உட்டுட்டு வந்தர்றேன். மீன் நாத்தத்துல பொழச்சுக்கும்," என்றான் மனோஜ் மறுபடி.

ஆறுச்சாமி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சென்னியம்மாள் போய் அவர் தோளைத் தொட்டாள். அவர் நிமிர்ந்ததும் சொன்னாள்.

"ஏனுங்க, நாடாவச் சாக்குல கட்டிக் கொண்டுபோய் உடறானாமா."

"எவன்?" அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. "எட்டுத் தறிக்கும் எலி அண்டாமப் பாத்துக்கிட்டது அது! பதினொரு வருசம்! இவன் என்னத்தைப் பாத்தான்?"

"கத்தாதீங்கப்பா. நீங்களும் அதுவும் மாத்தி மாத்திக் கத்துனா நான் எங்கதான் போறது?"

"யார்றா கத்தறது?"

"நீங்கதாங்க! அவகிட்டயும் இப்படித்தான் கத்துனீங்க. ஒரு வார்த்தை தப்புத்தான்னு சொல்லீருந்தா அவ வந்திருப்பா."

"நான் என்ன தப்புப் பண்ணினேன்னு சொல்லு, கேக்கறேன்."

அதைச் சொல்ல மனோஜுக்குத் தெரியாது. அவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமனார் வீட்டுக்குப் போய், வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிறவன். அந்த வீட்டில் அவனிடமும் யாரும் எதையும் சொல்லவில்லை. வாய் கொப்பளித்துவிட்டு வந்து முடிவாகச் சொன்னான்.

"டாக்டர்கிட்டக் கொண்டு போங்க. ஊசியோ மாத்திரையோ போட்டு அடங்குச்சுன்னாச் செரி. இல்லீனா நாலு மணிக்கு அது இங்க இருக்கக் கூடாது. நானாச்சு, அதாச்சு."

காந்திபுரத்தில் அவனுடைய மோட்டார் பம்பு கடையை யார் திறப்பது என்றுகூட யோசிக்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஒயர் கூடையில் பழைய துண்டை விரித்து நாடாவை உட்கார வைத்து, மேலே இன்னொரு துண்டைக் கட்டினாள் சென்னியம்மாள். ஆட்டோவில் அது அவள் மடியில் இருந்தது, பக்கத்தில் ஆறுச்சாமி. சைலன்சர் ஓட்டையான ஆட்டோ. தகரத்தில் கல்லைப் போட்டு உருட்டுகிற சத்தம்.

அந்தச் சத்தத்தில்தான் அவர்கள் இரண்டு பேரும் சௌகரியமாகப் பேசினார்கள்.

"ஊசி போட்டா இதுக்கு வலிக்குமா?"

"வலிக்காம? வயசாச்சில்லீங்க."

"ஏனுங்க? எங்கிட்டயா சொன்னீங்க?" என்று டிரைவர் திரும்பிப் பார்த்துக் கத்தினான். அவனுக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. சென்னியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

தறிக்காரர்கள் பேச்சு அப்படித்தான். எட்டுத் தறி ஒன்றாக ஓடினால் காது எதற்கும் ஆகாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. கல்யாணமாகி அந்தத் தறிக் குடோனுக்குள் நுழைந்த முதல் வாரம் அவளுக்கு அழுகை வந்தது. மூன்றாவது வாரம் பிடிபட்டுவிட்டது. அப்புறம் நாலு தறிக்கு அப்பால் நின்று 'சோறு ஆச்சுங்க' என்று உதட்டை அசைத்தால் அவர் விரலை ஆட்டுவார். சண்டைகூட அப்படித்தான். ஒரு சத்தமில்லாமல் மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். வேலைக்காரர்கள் தறியை விட்டுவிட்டு அவர்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

திடீரென்று கரண்ட் போகும். எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நிற்கும். அந்த நிமிஷம் யார் என்ன கத்திக்கொண்டிருந்தார்களோ அந்தக் குரல் மட்டும் அம்மணமாக நடுக்குடோனில் நிற்கும். ஒருமுறை, "இன்னைக்கு ஊட்டுக்காரி மூஞ்சி செரியில்லடா" என்று ஆறுச்சாமி சொன்னது அப்படித்தான் நின்றது. மயிலாத்தாள் என்ற தார் சுற்றுகிறவள் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். மனோஜ் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தான். பூனைக்குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நூல் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பான்.

நாடாவும் வாயைத் திறக்கும், மூடும். அதற்கும் சத்தம் உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்ததே கரண்ட் இல்லாத நாட்களில்தான்.

தம்பி மகனிடம் தறிகளை விட்டுவிட்டுக் கோயமுத்தூருக்கு வந்து இரண்டு வருஷம். முதல் ராத்திரி இந்த வீட்டு அமைதியில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. 'நான் நல்லாத் தூங்கினேன்' என்று ஆறுச்சாமி சொன்னார். அவருக்கு எப்படித் தூக்கம் வந்தது என்று அப்போது ஆச்சரியப்பட்டாள்.

டாக்டர் சுந்தரராஜுலு ரிட்டையரான மாட்டு டாக்டர். தடாகம் ரோட்டில் வீட்டு முன்னறையிலேயே பார்க்கிறார். பூனைக்கு வைத்தியம் பார்க்க ஆட்டோ வைத்துக்கொண்டு யாரும் வருவதில்லை போலிருக்கிறது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"எப்பக் கத்துதுங்கம்மா?"

"எப்பன்னு இல்லீங்க. விடியால ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா. யாரும் பக்கத்துல இல்லீனா ரொம்பக் கத்துது."

"முந்தி எப்படிக் கத்தும்?"

இதைக் கேட்க ஓர் ஆள் கிடைத்தாரே என்று சென்னியம்மாள் வரிசையாகச் சொன்னாள். பசித்தால் 'ம்க்' என்று பாதிக் குரல். ஜன்னலில் குருவி வந்தால் பல்லைக் கடித்து ஒரு 'கெக்கெக்கெக்'. குட்டி போட்ட காலத்தில் ஒரு கொஞ்சல். ஆண் பூனையைத் தேடுகிற சத்தம் வேறே, அது அவளுக்குத் தெரியும். இது அது எதுவும் இல்லை.

"இப்பக் குருவிக்குக் கத்துதுங்களா?"

யோசித்தாள். "கண்ணுல பட்டாக் கத்துதுங்க. முந்தியெல்லாம் படுத்திருந்தாலும் குருவிச் சத்தத்துக்கு எந்திரிச்சு ஓடும். இப்ப அப்படி ஓடறதில்லை."

டாக்டர் தலையை ஆட்டினார். பல்லைப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார். பிறகு, "ஐயா, நீங்க இதையச் சுவத்தப் பாத்தாப்புல திருப்பிப் புடிச்சுக்குங்க" என்றார். சொல்லும்போதே கையாலும் காட்டினார். ஆறுச்சாமி பூனையை மேஜைமேல் சுவர்ப் பக்கம் திருப்பி, குனிந்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

டாக்டர் ஓசைப்படாமல் பின்னால் போனார். ஒரு சாவிக்கொத்தை எடுத்து, ஊசிகள் வைக்கும் எவர்சில்வர் தட்டில் உயரத்திலிருந்து போட்டார்.

சென்னியம்மாள் துள்ளிவிட்டாள். வெளியே கட்டியிருந்த நாய் குரைத்தது.

பூனையின் காது அசையவில்லை. முதுகு மயிர் ஒன்றுகூடச் சிலிர்க்கவில்லை.

ஆறுச்சாமியும் அசையவில்லை. குனிந்தது குனிந்தபடியே நாடாவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

டாக்டர் இன்னொரு தடவை போட்டார். அவர் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியம்மாள் புருஷனுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குக் காது போயிருச்சுங்கம்மா," என்றார் டாக்டர். "தான் கத்தறது தனக்கே கேக்கலை. அதனால எவ்வளவு கத்தறோம்னு அதுக்குத் தெரியாது. யாரும் கண்ணுல படலீனா, ஊட்டுல ஒருத்தரும் இல்லைன்னு நெனச்சுக்கும். அதான் கூப்பிடுது. கோவமும் இல்லை, அபசகுனமும் இல்லை."

"வைத்தியம் இருக்குங்களா?"

"காதுக்கு இல்லை. வயசாச்சு. கிட்னிக்கு மட்டும் ஒரு மருந்து எழுதறேன். அதுவும் கெட்டா இப்படிக் கத்தும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். பின்னாடி இருந்து போகாதீங்க, மெரண்டுக்கும். முன்னாடி போய் நில்லுங்க. தரையில ஒரு மிதி மிதிச்சா அதிர்ச்சி தெரியும், திரும்பிப் பாக்கும். ஆளு இருக்குன்னு தெரிஞ்சாப் பாதிக் கத்தல் கொறஞ்சிரும்." மருந்துச் சீட்டைக் கிழித்துக்கொண்டே ஆறுச்சாமியின் முதுகை ஒரு பார்வை பார்த்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் சென்னியம்மாளுக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டுக்கொண்டு வந்தது.

போன் மணி அடித்தால் எடுக்காதவர். முதலாளித் திமிர் இன்னும் போகவில்லை என்று மனோஜ் சொல்வான். டி.வி.யை முழுச் சத்தத்தில் வைப்பவர். தறிக்காரர் வீட்டில் எல்லாருமே அப்படித்தான் வைப்பார்கள், யாருக்கு வித்தியாசம் தெரியும்? அவள் எப்போதும் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே வந்து, உதட்டை நன்றாக அசைத்துப் பேசுவாள். முப்பது வருஷப் பழக்கம். அவர் காது போனதை அவளே இத்தனை நாள் பொத்தி வைத்திருந்திருக்கிறாள், தனக்கே தெரியாமல்.

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, உரக்கக் கேட்டாள்.

"உங்களுக்குக் காது கேக்குதுங்களா?"

ஆட்டோ டிரைவர் திரும்பிப் பார்த்தான். ஆறுச்சாமி அவளைப் பார்த்து, "அதெல்லாம் எதுக்கு? ஊட்டுக்கே போயிரலாம்" என்றார்.

அவள் முந்தானையை எடுத்தாள். "எப்ப இருந்துங்க?"

அவர் அவள் உதட்டையே வெகுநேரம் பார்த்தார். ஆட்டோ ஒரு சிக்னல் தாண்டியது.

"நம்ம மேஸ்திரி சோமனை நான் எப்படிக் கூப்பிடுவேன்?"

"செவுட்டுச் சோமான்னு."

"அதான்." வெளியே திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "யாருகிட்டயும் சொல்லாத. உம்மேல சத்தியம்" என்றார்.

அவள் தலையை ஆட்டித் தொலைத்தாள்.

நாலு மணிக்கு அம்பாசிடர் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு டெம்போ. லோகப்பிரியாவும் அவள் அம்மா செல்லாத்தாளும் மட்டும் இறங்கினார்கள். பின்சீட்டில் நாச்சிமுத்து இருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் இறங்கவில்லை.

"வாங்க சம்பந்தியம்மா. அண்ணன் வரலீங்களா?"

"இந்த வாசப்படி அவருக்கு ஆகாதுங்க," என்றாள் செல்லாத்தாள். "கெரகம், சாமானை எடுத்துக் குடுத்துருங்க. பொழுதோட ஊடு போகோணும்."

அண்டாவும் குத்துவிளக்கும் கிரைண்டரும் டெம்போவில் ஏறின. கட்டிலைக் கழற்ற மனோஜே திருப்புளி எடுத்துக் கொடுத்தான். அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. நாடா மனோஜின் அறைக்குள் ஒரு கத்துக் கத்தியது. சென்னியம்மாள் போய்த் தரையை ஓங்கி மிதித்தாள். அது திரும்பிப் பார்த்து வாயை மூடிக்கொண்டது. அதைக் கவனிக்கிற நிலையில் யாரும் இல்லை, காலையில் கெடு வைத்த மனோஜ்கூட.

ஆறுச்சாமி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்தது. லோகப்பிரியா சமையலறைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். அந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் மாமனாரிடம் பேச அவள் நிற்கிற இடம் அதுதான். அவர் முதுகுக்குப் பின்னால், கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து. அப்படி நின்று பேச வேண்டுமென்று அவளை வளர்த்திருந்தார்கள். மெல்லிய குரலில், "வாரேனுங்க மாமா" என்றாள்.

ஆறுச்சாமி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துக்குங்க," என்றாள் செல்லாத்தாள். "போறேன்னு சொல்றவளுக்கு ஒத்த வார்த்தை பதில் இல்லை. இந்த ஊட்டுல என்ற புள்ள ஒண்ணரை வருசம் சோறு தின்னிருக்குது."

சென்னியம்மாள் சத்தியத்தை மீறவில்லை. லோகப்பிரியாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, ஆறுச்சாமியின் நாற்காலிக்கு நேர் எதிரே நிறுத்தினாள்.

"இப்பச் சொல்லு கண்ணு. மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"அத்தை, உடுங்க... மாமா முன்னாடி எப்படீங்க..."

"சாமானெல்லாம் ஏத்தியாச்சு. இனி என்ன மரியாதை வேண்டிக் கெடக்குது? ஐஞ்சு மாசமா வயித்துல வெச்சிருக்கறியே, அதையச் சொல்லிப்போட்டுப் போ."

லோகப்பிரியா தலையைத் தூக்கினாள். கண் சிவந்திருந்தது. முதன்முதலாக மாமனாரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எங்கப்பாவ வெளிய தூக்கிப் போடச் சொன்னீங்களே மாமா. அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சியோட இங்க இருப்பேன்?"

ஆறுச்சாமி ஒரு சொல் விடாமல் அவள் உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். "நானா? உங்கப்பனையா?"

"ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாளைக்கு அப்பாவ இங்க வெச்சுக்கலாமுங்களா மாமான்னு கேட்டேன். நீங்க டி.வி. பாத்துட்டிருந்தீங்க. 'அதெல்லாம் இங்க எதுக்கு, எடுத்து வெளிய போடு'ன்னு சொன்னீங்க. திரும்பிக்கூடப் பாக்கலை."

மனோஜ் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "இதைய ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"அப்பா சொல்லக் கூடாதுன்னுட்டாரு. சொன்னா அப்பனும் மகனும் வெட்டிக்குவாங்கன்னாரு."

ஆறுச்சாமியின் வாய் திறந்து திறந்து மூடியது. "மெத்தை," என்றார் கடைசியில். "அன்னைக்கு நீ அந்தப் பழைய பஞ்சு மெத்தைய மாடியில காயப்போட்டுட்டு எறங்கி வந்து பின்னாடி நின்னே. அதைய இங்க வெச்சுக்கலாமான்னு கேக்கறியாக்கும்னு நெனச்சேன்."

"நல்லா இருக்குதுங்க நாயம்!" என்றாள் செல்லாத்தாள். "அப்பாங்கறதுக்கும் மெத்தைங்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா? ஐஞ்சு மாசம் ரோசனை பண்ணிச் சொல்ற பதிலா இது?"

ஆறுச்சாமி பெண்டாட்டியைப் பார்த்தார். சென்னியம்மாள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். எதுவும் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது.

"எனக்குக் காது கேக்காது, அம்மணி."

எவ்வளவு சத்தமாகச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. டெம்போக்காரன் எட்டிப் பார்த்தான்.

"மூணு வருசமாச்சு. உதட்டப் பாத்து ஓட்டிக்கிட்டிருக்கறேன். நீ கதவுக்குப் பின்னாடி நின்னு பேசுவே. எனக்கு ஒண்ணும் தெரியாது. என்ன என்னன்னு கேப்பேன். திருப்பிக் கேக்க வெக்கமாயிருந்தா, அதெல்லாம் எதுக்குன்னு சொல்லிப்போடுவேன். நெறையத் தடவ அது செரியாப் போயிருச்சு."

லோகப்பிரியா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் அவள் கேட்ட கேள்விகளையும் அவர் சொன்ன பதில்களையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறாள் என்று சென்னியம்மாளுக்குப் பட்டது. சிலது பொருந்தும். சிலது பொருந்தாது. மனுஷன் காதோடு இருந்த காலத்திலும் கோபக்காரர்தான்.

"அப்படீன்னா," என்றாள் லோகப்பிரியா மெதுவாக. பிறகு நிறுத்திக்கொண்டு, உதட்டை நன்றாக அசைத்து, மறுபடி சொன்னாள். "அப்படீன்னா இதைய எங்கப்பாகிட்டச் சொல்லுங்க. லாட்ஜுல படுத்தவர் அவருதான். நான் இல்லை."

ஆறுச்சாமி எழுந்தார். செருப்புக்கூடப் போடாமல் வாசல் இறங்கினார். சென்னியம்மாள் கேட்வரைக்கும் போய் நின்றாள்.

அவர் கார்க் கண்ணாடியைத் தட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். காது, மெத்தை, டி.வி., எல்லாம். நாலு வீடு தள்ளித் துணி காயப்போட்டவள்கூடக் கேட்டாள். நாச்சிமுத்து சாலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் வாய் அசைந்தது. இரண்டு வாக்கியம் இருக்கும், மூன்றாகவும் இருக்கலாம். நாலு தறிக்கு அப்பால் உதடு படித்த சென்னியம்மாளுக்கே பக்கவாட்டில் ஒரு தாடை அசைவதுதான் தெரிந்தது.

ஆறுச்சாமி குனிந்து, இரண்டு கையையும் கண்ணாடிமேல் வைத்தார்.

"சம்பந்தி, எம்பக்கம் திரும்பிச் சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் மூஞ்சியப் பாத்துத் திட்டுங்க. எனக்குக் கேக்காதுங்க."

நாச்சிமுத்துவின் கை கண்ணாடி இறக்கும் கைப்பிடிக்குப் போனது. நாலு விரல் அளவு இறங்கிக் கண்ணாடி நின்றது. முகம் இன்னும் திரும்பவில்லை.